நாடி பிடிக்கிற இடத்துல: இரத்தக்குழாய் வைத்தியத்தின் ஒரு வரலாறு

"நாடி" என்ற சொல்லுக்கு நம்ம பக்கத்துல இரண்டு அர்த்தம் இருக்கு. வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்க்கிற துடிப்பு ஒரு நாடி. ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் வருகிற நாடி வேறு: இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகிற குழாய். திரும்பக் கொண்டுவருகிறது நாளம். இதே இரண்டையும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தமனி, சிரை என்று படிக்கிறாங்க. இதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற குழாய்க்கு நம்ம புத்தகத்தில் முடியுரு நாடி என்று பெயர். பரீட்சைக்குப் பாடமாக்கினோம். பரீட்சை முடிந்தது, சொல்லும் போய்விட்டது.

ஆனால் நோய் போகவில்லை. கண்டிக்கும் சுத்தியிருக்கிற தோட்டங்களுக்கும் "ஹார்ட் அட்டாக்", "அஞ்சியோகிராம்", "ஸ்டென்ட்", "பைபாஸ்" எல்லாம் இன்றைக்கு வீட்டுச் சொற்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கிளினிக் கொப்பியைத் திறந்து காட்டிச் சொல்லுற அளவுக்குப் பழக்கம். சொல் வந்துவிட்டது, அந்தச் சொல்லுக்குள் என்ன நடக்குது என்பது மட்டும் வரவில்லை. இந்தக் கட்டுரையில் நாங்கள் செய்யப் பார்க்கிறது அதைத்தான். நாடியில் அடைப்பு எப்படி வருது, அதை மனிசர் எப்படிக் கண்டுபிடித்தாங்க, அதைத் திறக்கப் போய் என்னென்ன சிக்கலில் மாட்டிக்கொண்டாங்க, இந்தக் கதையில் நம்ம மொழியும் நம்ம மலையும் எங்கே நிற்குது என்பதை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கிறோம். நாங்கள் மருத்துவ பீடம் இல்லை, கலைப் பீடம். அதனால் இது வைத்திய ஆலோசனை கிடையாது, வரலாறு.

"அந்தக் காலத்துல இது இல்ல"

எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம் இது. "எங்க தாத்தா காலத்துல ஹார்ட் அட்டாக்கே இல்ல. குரக்கன் சாப்பிட்டாங்க, மலை ஏறி இறங்கினாங்க, நோய் வரல்ல." கேட்க நல்லாத்தான் இருக்கு. உண்மையா?

1911இல் எகிப்தில் வேலை செய்த மார்க் ஆர்மண்ட் ரஃபர் என்ற ஆய்வாளர், ஆயிரக்கணக்கான வருசப் பழமையான மம்மிகளின் நாடிகளை வெட்டிப் பார்த்து, அவற்றில் சுண்ணாம்பு படிந்து தடித்திருக்கிறதை எழுதினார். நூறு வருசம் கழித்து, 2013இல், இன்னொரு குழு நாலு வெவ்வேறு பிரதேசங்களைச் சேர்ந்த 137 மம்மிகளை சி.டி. ஸ்கேனில் போட்டுப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்குக்கு நாடித் தடிப்பின் அடையாளம் இருந்தது. அதில் அரசர் மட்டும் இல்லை, விவசாயம் செய்தவர்களும் வேட்டையாடி வாழ்ந்தவர்களும் இருந்தாங்க. ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, 5000 வருசத்துக்கு மேல் பழமையான ஓட்ஸி என்ற மனிதனின் நாடியிலும் அதே சுண்ணாம்பு. அவன் பரோட்டா சாப்பிடவில்லை, டிவி முன்னால் உட்காரவும் இல்லை.

அப்போ தாத்தா காலத்தில் ஏன் இந்த நோய் கண்ணில் படவில்லை? ஒரு காரணம், அதற்கு முன்னாலேயே வேறு நோய்கள் ஆளைக் கொண்டுபோயின. 19ஆம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ள, மாத்தளை என்று நடந்தே மலைக்கு வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர்களில் பலர் கொலராவாலும் வயிற்றோட்டத்தாலும் காய்ச்சலாலும் பாதையிலேயே செத்தாங்க. வந்து சேர்ந்தவர்களைக் கொக்கிப்புழு இரத்தமில்லாமல் ஆக்கியது. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் தொடங்கியதென்றால், அங்கே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் சுமார் 80,000 பேரைக் கொன்றது. நாடித் தடிப்பு மெல்ல வளருகிற நோய். அதற்கு ஒரு மனிதன் நாற்பது, ஐம்பது வருசமாவது உயிரோட இருக்கணும்.

1946இல் இலங்கையில் ஆயிரம் பேருக்குச் சுமார் 20 பேர் செத்தாங்க. அடுத்த வருசமே அது சுமார் 14ஆக இறங்கியது. டி.டி.ற்றி. தெளித்தது காரணமா, ஆஸ்பத்திரிகளும் உணவும் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுறாங்க. எதுவானாலும், அதற்குப் பிறகு பிறந்த தலைமுறை நீண்ட காலம் வாழ்ந்தது. இன்றைக்கு இலங்கையில் நடக்கிற மரணங்களில் பெரும்பகுதி தொற்றா நோய்களால்தான், அதில் முன்னுக்கு நிற்கிறது இதயமும் இரத்தக்குழாயும். தாத்தா காலம் ஆரோக்கியமான காலம் என்று சொல்லும்போது நாம் எண்ணுகிறது தப்பிப் பிழைத்த தாத்தாக்களை மட்டும்தான். முப்பது வயதில் லயத்தில் செத்த தாத்தாவுக்குக் கதை சொல்லப் பேரப்பிள்ளை இல்லை.

இதைச் சொல்லுறதால் சாப்பாடும் புகையும் பிரச்சினையே இல்லை என்று ஆகாது. மனித நாடி இந்த நோய்க்கு எப்பவும் இடம் கொடுக்கிற ஒன்று. அந்த இடத்தை வேகமாக நிரப்புகிறது சிகரட், பீடி, வெற்றிலையோட போகிற புகையிலை, பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல்.

கூழ்

இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் ஒரு நோயைப் பற்றிப் பேசினார். நடக்கும்போது, அதுவும் மேடு ஏறும்போது, நெஞ்சில் இறுக்கிப் பிடிக்கும்; நின்றால் போய்விடும். அதற்கு அவர் அஞ்சைனா என்று பெயர் வைத்தார். ஹந்தானை ஏத்தத்தில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிற பெரியவர்களைப் பார்த்திருந்தால் ஹெபர்டன் உடனே கண்டுபிடித்திருப்பார். ஆனால் அந்த வலிக்கும் இதயத்தின் நாடிக்கும் உள்ள தொடர்பு அப்போது தெளிவாகவில்லை.

1829இல் ஜோன் லொப்ஸ்டைன் என்பவர், தடித்து இறுகிப்போன நாடிகளுக்கு "ஆர்ட்டீரியோஸ்கிளெரோசிஸ்" என்ற பெயரைக் கொடுத்தார். 1904இல் ஜெர்மனியின் பீலிக்ஸ் மார்ஷாண்ட் அதைக் கொஞ்சம் மாற்றி "அதரோஸ்கிளெரோசிஸ்" என்றார். "அதெரே" என்றால் கிரேக்கத்தில் கூழ். நாடிச் சுவருக்குள் சேர்ந்திருந்த கொழுப்பை வெட்டிப் பார்த்தால் கூழ் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். வெளியே கல், உள்ளே கூழ். நம்ம மொழியில் இதைவிட எளிதாக யாரும் விளங்கப்படுத்த முடியாது. ஆனால் ஒருவரும் நமக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை.

"பைப்புல அடைப்பு மாதிரி" என்றுதான் பொதுவாகச் சொல்லுவாங்க. அந்த உவமை பாதிதான் சரி. பைப்பில் அழுக்கு உள்பக்கமாக ஒட்டும். நாடியில் கூழ் சேருகிறது சுவரின் உள்ளே, தோலுக்குக் கீழே வருகிற கட்டி மாதிரி. அது மெல்ல வளர்ந்து வழியைக் குறுக்கினால் மேடு ஏறும்போது வலி வரும். ஆனால் பல மாரடைப்புகள் அப்படி நிதானமாக வருவதில்லை. கட்டியின் மேல்தோல் திடீரென்று கிழியும். கிழிந்த இடத்தைக் காயம் என்று நினைத்து இரத்தம் அங்கே உறையும். அந்த உறைகட்டி சில நிமிடங்களில் குழாயை முழுசாக மூடிவிடும். உறைகட்டிதான் மாரடைப்பின் ஆள் என்பதையும், அது வந்தவர் எல்லாரும் உடனே செத்துவிடுகிறதில்லை என்பதையும் சிக்காகோவின் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எழுதினார். அடுத்த வருசம் ரஷ்யாவில் நிகொலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ரோல் கொடுத்து அதே மாதிரிக் கூழை அவற்றின் நாடியில் உண்டாக்கிக் காட்டினார்.

"போன வாரம்தான் செக் பண்ணினார், ஒன்னும் இல்லைன்னாங்க, இன்னைக்கு ஆளே இல்ல" என்று சாவு வீட்டில் பேசுவாங்களே, அதற்குப் பின்னால் இருக்கிறது இந்தக் கிழிசல்தான். டொக்டர் பொய் சொன்னார் என்று கட்டாயம் இல்லை. பெரிதாக அடைக்காத கட்டியும் கிழியலாம்.

கத்தி தவறின இடம்

நாடியைத் தொட்டால் சிக்கல் வரும் என்பதை மனிசர் நாடி வைத்தியம் தொடங்க முன்னாலேயே கண்டுகொண்டாங்க. எப்படி என்றால், இரத்தம் குத்தி எடுக்கிற வைத்தியத்தால்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எந்த நோய்க்கும் முழங்கை மடிப்பில் நாளத்தைக் கீறி இரத்தம் விடுகிறது வழக்கம். அந்த நாளத்துக்குச் சரியாகக் கீழேதான் கையின் பெரிய நாடி போகுது. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் நாடியும் துளைபடும். துளை வழியாக வெளியே பாய்கிற இரத்தத்தைச் சுற்றியுள்ள சதை பிடித்து வைக்கும். அங்கே ஒரு துடிக்கிற வீக்கம் வரும். நாடிச் சுவர் தானாக வீங்கினது இல்லை என்பதால் அதைப் போலி நாடிப்புடைப்பு என்று சொல்லலாம். வைத்தியமே உண்டாக்கின நோய் அது.

அப்போதிருந்த ஒரே வழி, அந்த நாடியைக் கட்டிவிடுகிறது. கட்டினால் இரத்தம் நிற்கும். சில பேருக்குக் கையும் போகும். 1759இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹாலோவெல் என்ற சத்திர வைத்தியர், ரிச்சர்ட் லாம்பர்ட் சொன்ன யோசனைப்படி, இப்படித் துளைபட்ட ஒரு கை நாடியின் இரண்டு விளிம்பையும் ஒரு சின்ன ஊசியால் சேர்த்து, மேலே நூலைச் சுற்றினார். காயம் ஆறியது, கையில் துடிப்பும் இருந்தது. நாடியைக் கட்டாமல் தைக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வழி நிலைக்கவில்லை. பிறகு செய்து பார்த்தவர்களுக்குத் தையலில் இரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொண்டது.

அதை உடைத்தவர் பிரான்சின் லியோன் நகரத்து அலெக்சிஸ் கரேல். நாட்டின் ஜனாதிபதி சாடி கார்னோ 1894இல் அதே லியோனில் கத்தியால் குத்தப்பட்டு, வெட்டுப்பட்ட இரத்தக்குழாயைத் தைக்க ஆளில்லாமல் செத்தார். அந்த மரணம் கரேலை உறுத்தியது. லியோன் பட்டுக்கும் பூவேலைக்கும் பேர்போன ஊர். கரேல் பூவேலை செய்கிற ஒரு பெண்ணிடம் போய், மெல்லிய ஊசியும் நூலும் பிடிக்கப் பழகினார். குழாயின் வட்டத்தை மூன்று இடத்தில் இழுத்துப் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கிற முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு. இன்றைக்கு நடக்கிற பைபாஸுக்கும் சிறுநீரக மாற்றுக்கும் அடியில் அந்தத் தையல் இருக்கு. கற்றுக்கொடுத்த கை ஒரு தொழிலாளிப் பெண்ணின் கை என்பதை நாங்கள் மறக்க விரும்பவில்லை.

1867, 1872

இனி நம்ம பக்கம் வருவோம். 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கைத் தேயிலை வரலாறு அந்த வருசத்திலிருந்துதான் எண்ணப்படுது, எல்லாருக்கும் தெரியும். அதே 1867இல் வடக்கே ஒரு தமிழ்ப் புத்தகம் வெளிவந்தது: "இரண வைத்தியம்". ட்ரூயிட் என்ற ஆங்கிலேயரின் சத்திரசிகிச்சை நூலின் தமிழாக்கம். செய்வித்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார், மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். 1857இல் ஊருக்குப் போய் 1862இல் திரும்பி வந்த பிறகு தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் தேடி வெளியே போய்விடுவாங்க, தமிழில் படித்தால் சொந்தச் சனத்தோடு நிற்பாங்க என்பது அவர் கணக்கு. சொல் வேணும் என்றால் முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. இப்படி ஒரு வரிசை வைத்து, மாணவர்களோடு உட்கார்ந்து புத்தகம் புத்தகமாகச் செய்தார். 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" வந்தது. மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் பெயர் சொல்லுகிற கிரேயின் உடற்கூற்று நூல்தான் அது. மூல நூலின் முதற்பதிப்பு 1858இல் லண்டனில் வந்தது. அதற்குப் பதினாலு வருசத்தில் மனித உடம்பின் நாடி ஒவ்வொன்றும் தமிழில் பெயரோட இருந்தது.

அதே 1872இல் மலையகத்தில் என்ன நடந்தது? கோப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்திய வசதி கொடுக்கணும் என்று முதல் தடவையாகச் சட்டம் வந்தது: வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம். தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கிறது, வைத்திய அதிகாரி வைக்கிறது எல்லாம் அதில் இருந்தது. செலவை யார் தாங்கிறது என்று துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் இழுபறி தொடர்ந்தது; 1880களிலும் 1912இலும் சட்டத்தைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டி வந்தது. தொழிலாளியின் உடம்பு அந்தச் சட்டத்தில் ஒரு செலவுக் கணக்கு. வேலைக்கு எழும்பணும், அவ்வளவுதான்.

இரண்டு வருசம், இரண்டு சோடி. வடக்கே அச்சகத்தில் தமிழ் நாடியின் ஒவ்வொரு கிளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுது. இங்கே மலையில் தமிழ் பேசுகிற ஆளுக்கு என்ன நோய் என்று அவனுடைய மொழியில் சொல்ல வேணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "மனுஷ அங்காதிபாதம்" மானிப்பாய் மாணவனுக்காக எழுதப்பட்டது. லயத்தை அது நினைக்கவில்லை. கிறீன் 1873இல் நாடு திரும்பினார், 1884இல் இறந்தார். அவருக்குப் பிறகு தமிழில் வைத்தியம் படிப்பிக்கிற வழி நீடிக்கவில்லை. பேராதனையில் 1962இல் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் வந்தபோது, படிப்பின் மொழி ஆங்கிலம்தான்.

குழாய்க்குள்ளே போன வயர்

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் என்ற சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வெர்னர் பொர்ஸ்மன் என்ற 25 வயது டொக்டர், மேலதிகாரி வேண்டாம் என்றதையும் கேட்காமல், தன் கை நாளத்தைக் கீறி, ஒரு ரப்பர் குழாயை உள்ளே தள்ளி, படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், குழாய் நுனி தன் இதயத்தில் நிற்கிறதைப் படம் எடுத்தார். பாராட்டைவிடத் திட்டுத்தான் அதிகம் கிடைத்தது. 1956இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அப்போது அவர் ஒரு சின்ன ஊரில் சிறுநீரக நோய் பார்த்துக்கொண்டிருந்தார்.

1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் வேறொரு சோதனை செய்யும்போது, சாயம் தவறுதலாக ஒரு முடியுரு நாடிக்குள் போய்விட்டது. ஆள் போயிடுவார் என்றுதான் அவர் பயந்தார். இதயம் சில வினாடி நின்றது, நோயாளி இருமினார், துடிப்பு திரும்பியது. படத்தில் நாடி மரக்கிளை மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கு நாம் "அஞ்சியோகிராம்" என்று சொல்லுகிறது அந்தத் தவறிலிருந்து வந்தது.

1964 ஜனவரியில் ஒரேகனில் சார்ள்ஸ் டொட்டர் என்பவரிடம் 82 வயது மூதாட்டி ஒருவரை அனுப்பினாங்க. காலின் நாடி குறுகி, விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்கணும் என்றதற்கு அந்த அம்மா சம்மதிக்கவில்லை. டொட்டர், ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களைக் குறுகின இடத்தில் செலுத்தி வழியைப் பெரிதாக்கினார். கால் தப்பியது. கத்தியில்லாத நாடி வைத்தியத்தின் தொடக்கத்தில் ஒரு நோயாளி சொன்ன "முடியாது" இருக்கு.

அண்ட்ரியாஸ் குருன்ட்சிக், குழாயின் நுனியில் ஊதிப் பெரிதாக்கக்கூடிய ஒரு பலூனை வைத்தார். முதல் பலூன்களைச் சூரிச்சில் தன் வீட்டுக் குசினி மேசையில்தான் செய்தார். 1977 செப்டெம்பர் 16, 38 வயது ஒருவரின் இதய நாடியில் முதல் பலூன் ஊதப்பட்டது.

இதற்குப் பிறகு வருகிற கதையை முன்னேற்றம் முன்னேற்றம் என்று மட்டும் எழுதுகிறது வழக்கம். நாங்கள் அதைச் சிக்கல்களின் வரலாறாகவும் வாசிக்கச் சொல்லுறோம். பலூன் நாடியைத் திறந்தது. ஆனால் சில பேருக்குத் திறந்த நாடி அங்கேயே கிழிந்து மூடிக்கொண்டது, அவசரமாக நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தது. பலருக்குச் சில மாதத்தில் திரும்பக் குறுகியது. அதைத் தடுக்க 1986இல் உலோக வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், வந்தது. ஸ்டென்ட் நாடியைத் தாங்கியது. ஆனால் அந்நிய உலோகத்தைச் சுற்றி இரத்தம் உறையப் பார்த்தது. வலைக்குள் சதை வளர்ந்து திரும்பக் குறுகியது. சதை வளராமல் இருக்க 2000களின் தொடக்கத்தில் மருந்து பூசின ஸ்டென்ட் வந்தது. அந்த மருந்து, உலோகத்தை மூடி வளர வேண்டிய மெல்லிய தோலையும் மெதுவாக்கியது. அதனால் நாள் கழித்தும் உறைகட்டி வரலாம் என்ற பயம் வந்தது.

"ஸ்டென்ட் வெச்சாச்சு, இனி எதுக்கு மாத்திரை" என்று சொல்லி நிப்பாட்டுகிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்காங்க. இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்கிறதுக்குக் காரணம் மேலே சொன்ன வரலாறுதான். ஸ்டென்ட் ஒரு இடத்தை மட்டும் திறக்குது. கூழ் சேருகிற நோய் மற்ற இடத்தில் அப்படியே இருக்கு. மாத்திரையை நிப்பாட்டுகிறதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியவர் கிளினிக் டொக்டர். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

வழியிலும் சிக்கல் இருக்கு. பல வருசம் இந்த வயர் தொடை இடுக்கு நாடி வழியாகத்தான் போனது. பெரிய நாடி, சுலபம். ஆனால் வெளியே எடுத்த பிறகு துளை சரியாக மூடாவிட்டால் உள்ளுக்குள் இரத்தம் கசியும். துடிக்கிற வீக்கம் வரும். அதே போலி நாடிப்புடைப்பு! 18ஆம் நூற்றாண்டில் முழங்கை மடிப்பில் வந்தது இப்போது தொடை இடுக்கில். சாயம் சிறுநீரகத்தைத் தாக்கலாம். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து அதிகம். நாடிச் சுவரிலிருந்து பெயர்ந்த துணுக்கு மூளைக்குப் போய் பாரிசவாதம் வரலாம். ஆனால் இது அபூர்வம். பெரும்பாலானவர்கள் ஒன்றும் ஆகாமல் வீட்டுக்கு வாறாங்க என்பதையும் சேர்த்தே சொல்லணும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையைப் பார்த்துப் பயந்து ஒருத்தர் போகாமல் விட்டால் அது பெரிய பாவம். மாரடைப்பு வந்த நேரத்தில் மூடின நாடியைத் திறக்கிறது உயிரைக் காப்பாற்றுகிற வேலை.

கண்டியில், இப்போ

2004இல் வெளியான இன்ட்டர்ஹார்ட் என்ற ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. அதன் தரவை வைத்துப் பார்த்ததில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருது. மற்ற நாட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 59இல். ஆறு வருசம் முந்தி. நம்ம மலையகத்துக்கு இதை எண்ணாகச் சொல்ல வேணாம். பெ. சந்திரசேகரன் 2010 ஜனவரி 1இல் மாரடைப்பால் போனபோது வயது 52. ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26இல் மாரடைப்பால் போனபோது 56 முடிய மூன்று நாள் இருந்தது. அரசியலில் யாரோடு நாம் சேருகிறோம் சேரவில்லை என்பது வேறு. இரண்டு மரணமும் மலையகத்தை உலுக்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. தலைவர்களுக்கே இந்த வயதென்றால், பெயர் பேப்பரில் வராத தகப்பன்மாரை எண்ணிப் பாருங்க.

கண்டி தேசிய வைத்தியசாலை நாட்டின் இரண்டாவது பெரிய ஆஸ்பத்திரி. பேராதனையில் போதனா வைத்தியசாலை. இலவசம். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நம்ம நிலைமையை நினைக்கவே முடியாது. அந்த இலவசம் எவ்வளவு மெல்லிய நூலில் நிற்குது என்பதை 2022இல் பார்த்தோம். மார்ச் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி, அவசரமானதை மட்டும் செய்தது. டொலர் இல்லாவிட்டால் நாடியும் காத்திருக்கணும்.

தூரம் இன்னொரு கதை. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட மேல் டிவிஷனில் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு இறுக்கினால், முதலில் லயத்திலிருந்து ரோட்டுக்கு வரணும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி பிறகு நாடு முழுக்க வந்த 1990 அம்புலன்ஸ் இலவசம். அந்த நம்பரை லயத்துச் சுவரில் எழுதி வைக்கிறது நல்ல வேலை. "வாயு" என்று ஓமத்தண்ணி குடித்துக் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் சதை செத்துக்கொண்டிருக்கு.

கடைசியாக மொழி. நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வாட்டுக்குப் போனவங்க. டொக்டர் ஆங்கிலத்தில் படித்ததைச் சிங்களத்தில் சொல்லுவார். நாம் அதைத் தமிழில் மாமாவுக்குச் சொல்லணும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து கேட்பாங்க. "கசியலாம், வீங்கலாம், சிறுநீரகம் பாதிக்கலாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "ஒன்னுமில்ல மாமா, சின்ன டெஸ்ட்தான், சைன் பண்ணுங்க" என்று முடிகிற காட்சி எத்தனை குடும்பத்தில் நடந்திருக்கும்! தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாச்சு. எழுதினது வாட்டுக்கு வந்து சேரவேணும். அந்த டொக்டருக்கும் நேரமில்லை, வரிசை நீளம். அவரைக் குற்றம் சொல்லி ஆகப்போறது ஒன்றுமில்லை. ஆனால் தன் நாடிக்குள் என்ன போகப்போகுது என்று தெரியாமல் வைக்கிற கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்கிறது? 82 வயது அம்மா ஒருத்தி "முடியாது" என்று சொன்னதால்தான் இந்த வைத்தியமே பிறந்தது. தெரிந்தவர்தான் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்ல முடியும்.

அதனால் துணைக்குப் போகிற நண்பர்களுக்கு: கேளுங்க. எந்த நாடியில் அடைப்பு? கை வழியா, தொடை வழியா? சுகர், சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறதை, எடுக்கிற மாத்திரைகளை டொக்டருக்குச் சொன்னோமா? வீட்டுக்கு வந்த பிறகு குத்தின இடம் வீங்கினால், இரத்தம் வந்தால், கை கால் குளிர்ந்தால் எங்கே ஓடுறது? மாத்திரை எவ்வளவு காலம்? இவ்வளவையும் தமிழில் கேட்கலாம், தமிழில் சொல்லலாம். சொல் இல்லை என்று யாராவது சொன்னால், 1872இலேயே இருந்தது என்று சொல்லுங்க.

இன்னொன்று. 1989இல் கனடாவின் லூசியன் கம்போ, தொடையை விட்டுவிட்டு மணிக்கட்டு நாடி வழியாக அஞ்சியோகிராம் செய்ததை வெளியிட்டார். சின்ன நாடி, தோலுக்கு அருகில், கீழே எலும்பு. அமத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும், நோயாளி அன்றைக்கே எழும்பி நடக்கலாம். இன்றைக்குப் பல இடங்களில் அதுதான் முதல் வழி. பெருவிரல் பக்கம், வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பிடிக்கிற அதே இடம். அங்கே விரல் வைத்தவர், பிழையோ சரியோ, கையைப் பிடித்துக்கொண்டே நோயாளியின் மொழியில் ரெண்டு வார்த்தை பேசினார். வயர் வைக்கிறவரிடமும் நாம் அதைத்தான் கேட்கிறோம்.